ஊகமும் ஆவணமும்: பீட்டர் வாட்கின்ஸின் ‘லா கம்யூன்’ படமும் பாரிஸ் நகர வரலாறும்

முன்னுரை

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் வென்றவர் எழுப்பிய கட்டடங்களையும் வென்றவர் காத்துவைத்த ஏடுகளையும் கொண்டே எழுதப்படுகின்றது. தோற்றவர்தம் சொற்கள் எரிந்தோ, காவல்துறைக் கோப்புகளுள் புதைந்தோ போய்விடுகின்றன. அந்நிலையில் அவர்தம் வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்னும் வினா, வரலாற்றியலார்க்கும் இலக்கிய ஆய்வாளர்க்கும் பொதுவானது. இவ்வினாவிற்குத் திரைப்படக்கலை அளித்த விடைகளுள் ஒன்று ஊகப்புனைவு ஆவணப்படம். சான்றுள்ள ஒரு நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு, சான்றில்லாத இடங்களை வெளிப்படையான கற்பனையால் நிரப்பி, அதனை ஆவணப்படத்தின் மொழியிலேயே காட்டும் படவகையை இக்கட்டுரை அப்பெயரால் சுட்டுகின்றது.

ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸ் (1935–2025) 1999ஆம் ஆண்டு படமாக்கி, 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘லா கம்யூன் (பாரிஸ், 1871)’ இவ்வகையின் முதன்மையான எடுத்துக்காட்டு. பாரிஸ் கம்யூன் தமிழறிந்தோர்க்கு மார்க்ஸ், லெனின் ஆகியோரின் எழுத்துகள் வழியே பெரிதும் அறிமுகமானது. அங்கு அது அரசியல் கோட்பாட்டின் சான்றாக நிற்கின்றது. ஒரு நகரம் தன் கடந்தகாலத்தைப் பற்றித் தனக்குள்ளேயே நடத்திவரும் வழக்காக அதனை நோக்குவதே இக்கட்டுரையின் அணுகுமுறை. அவ்வழக்கில் ஊகத்திற்கு இடமுண்டா, உண்டெனில் அதன் எல்லை யாது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1871: நிகழ்வின் சுருக்கம்

1870 சூலையில் பிரான்ஸ் பிரஷ்யாவின்மீது போர் தொடுத்தது. செப்டம்பர் 2இல் செதான் என்னுமிடத்தில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தார். செப்டம்பர் 4இல் பாரிஸில் குடியரசு அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 19 முதல் 1871 சனவரி 28 வரை நகரம் முற்றுகைக்குள் இருந்தது. பசியும் குளிரும் கண்ட மக்கள் சரணடைய விரும்பவில்லை. ஆயின் பிப்ரவரித் தேர்தலில் நாட்டுப்புறங்களின் வாக்குகளால் முடியாட்சி ஆதரவாளரே தேசியப் பேரவையில் பெரும்பான்மை பெற்றனர். அப்பேரவை பாரிஸை விடுத்து வெர்சாயைத் தன் இருக்கையாக்கியது. தலைநகருக்கும் அரசுக்கும் இடையிலான பிளவு இவ்வாறு இட வேற்றுமையாகவே வெளிப்பட்டது.

மார்ச்சு 18 விடியற்காலையில், ஆட்சித்தலைவர் தியேரின் ஆணைப்படி, மோன்மார்த் குன்றில் தேசியக் காவற்படை வைத்திருந்த பீரங்கிகளைக் கைப்பற்றப் படைவீரர் அனுப்பப்பட்டனர். குன்றின் பெண்களும் காவற்படையினரும் அவர்களைச் சூழ்ந்தனர். வீரர்கள் சுட மறுத்தனர். தளபதிகள் லெகோந்த், கிளேமான்-தோமா ஆகிய இருவரும் அன்றே சுட்டுக்கொல்லப்பட்டனர். மார்ச்சு 26இல் தேர்தல் நடைபெற்று, 28இல் நகரமன்ற வளாகத்தில் கம்யூன் அறிவிக்கப்பட்டது. முற்றுகைக்கால வாடகை நீக்கம், சமயத்தையும் அரசையும் பிரித்தல், அடுமனைத் தொழிலாளரின் இரவு வேலைத் தடை, உரிமையாளர் கைவிட்டுச் சென்ற பட்டறைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் ஒப்படைக்கும் ஆணை ஆகியன அதன் இரு மாத ஆட்சியின் குறிப்பிடத்தக்க செயல்கள். மே 21இல் வெர்சாய்ப் படை நகருள் நுழைந்தது. மே 28 வரை தெருத்தெருவாக நடந்த போரும், சரணடைந்தோரை வரிசையில் நிறுத்திச் சுட்டதும் ‘குருதி வாரம்’ என வழங்கப்பெறுகின்றன. நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டனர். முழுப் பொதுமன்னிப்பு 1880இல்தான் வந்தது.

எரிந்த ஏடுகளும் ஒட்டப்பட்ட படங்களும்

கம்யூன் வரலாற்றின் மூலச் சான்றுகள் குறித்து இரண்டு செய்திகளை இங்கு நோக்க வேண்டும்.

முதலாவது ஏடுகளின் அழிவு. மே 23இல் துய்லெரி அரண்மனையும் மே 24இல் நகரமன்றமும் தீக்கிரையாயின. நீதிமன்ற வளாகமும் எரிந்தது. பாரிஸ் மக்களின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இரு படிகளாக எழுதப்பெற்று ஒன்று நகரமன்றத்திலும் மற்றொன்று நீதிமன்ற வளாகத்திலும் வைக்கப்பட்டிருந்தன. ஒரு படி அழியினும் மறுபடி காக்கும் என்னும் முன்னெச்சரிக்கை அது. இரண்டும் ஒரே வாரத்தில் அழிந்தன. 1860க்கு முற்பட்ட அப்பதிவுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பின்னர், குடும்பங்கள் வைத்திருந்த தாள்கள், தேவாலயக் குறிப்புகள் முதலியவற்றின் துணையால் மீட்டெழுதப்பட்டது. எளிய மக்கள் அரசு ஏட்டில் இடம்பெறும் மூன்று நிகழ்வுகள் இவையே. நிலமோ உயிலோ இல்லாத தொழிலாளக் குடும்பத்திற்கு இவற்றைத் தவிர வேறு எழுத்துச் சுவடு அரிது. ஆகவே அத்தீ யாரால் மூட்டப்பட்டதாயினும், அதில் மிகுதியும் இழந்தவர் நகரின் ஏழைகளே.

இரண்டாவது செய்தி ஒளிப்படங்களைப் பற்றியது. கம்யூன், ஒளிப்படக்கருவியின் முன் நிகழ்ந்த தொடக்ககால எழுச்சிகளுள் ஒன்று. புருனோ பிராக்கே என்பவர் வாந்தோம் சதுக்கத்தின் வெற்றித்தூண் வீழ்த்தப்பட்ட மே 16ஐ ஒட்டி, அங்குத் திரண்டிருந்த காவற்படையினரைப் படமெடுத்தார். அவர்கள் பெருமிதத்தோடு நின்று எடுத்துக்கொண்ட அத்தகு படங்களே, பின்னர் அவர்களை அடையாளங்கண்டு தண்டிக்கக் காவல்துறைக்கு உதவின. இதற்கு மறுதலையாக ஏழேன் ஆப்பேர் என்னும் ஒளிப்படக்காரர் ‘கம்யூனின் குற்றங்கள்’ என்னும் படவரிசையை வெளியிட்டார். கூலிக்கு அமர்த்திய நடிகர்களைக் கொண்டு கொலைக் காட்சிகளை நடிக்கவைத்துப் படமெடுத்து, சிறையில் எடுத்த கைதிகளின் தலைகளை அவ்வுடல்களின்மீது ஒட்டி, மீண்டும் படமாக்கி அவர் விற்றார். வாங்கியோர் பலர் அவற்றை நேரில் எடுக்கப்பட்டனவாகவே கொண்டனர்.

ஆகவே கம்யூன் பற்றிய ஊகப்புனைவு 1999இல் தொடங்கவில்லை. அது 1871லேயே தொடங்கிவிட்டது. நடிகர், ஒப்பனைக்களம், மறுநடிப்பு ஆகிய மூன்றையும் ஆப்பேரும் கையாண்டார், வாட்கின்ஸும் கையாண்டார். இருவர்க்கும் உள்ள வேறுபாடு யாது என்பதே இக்கட்டுரையின் மைய வினாவாகின்றது.

படத்தின் ஆக்கமுறை

வாட்கின்ஸ் இம்முறையைத் தம் தொடக்கக்காலம் முதலே கையாண்டவர். 1746ஆம் ஆண்டுப் போரைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் களத்தில் நின்று விளக்குவதாக அமைந்த ‘கலோடன்’ 1964இல் பி.பி.சி.யில் ஒளிபரப்பாயிற்று. அணுகுண்டுத் தாக்குதலுக்குள்ளான இங்கிலாந்தைக் காட்டும் ‘தி வார் கேம்’ (1965) ஒளிபரப்பத் தடைசெய்யப்பட்டு, 1985இல்தான் அத்தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. இதற்கிடையில் அது சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. நிகழாத ஒன்றைக் காட்டிய படம் ஆவணப்படமென ஏற்கப்பட்டமை, இவ்வகைமையின் சிக்கலைத் தொடக்கத்திலேயே உணர்த்துகின்றது.

‘லா கம்யூன்’ 1999 சூலையில், பாரிஸின் கிழக்கெல்லையை அடுத்த மோன்த்ரேய் நகரில், கைவிடப்பட்ட ஒரு தொழிற்கூடத்தில் 13 நாள்களில் படமாக்கப்பட்டது. திரைப்பட முன்னோடி ழார்ழ் மெலியேயின் படப்பிடிப்புக்கூடம் இருந்த வளாகம் அது. கறுப்பு வெள்ளையில் அமைந்த இப்படத்தின் முழு வடிவம் 345 நிமிடங்கள் ஓடும். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நடித்தனர். அவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் முன்பு நடித்தறியாதவர். ஒவ்வொருவரும் தாம் ஏற்ற பாத்திரத்தின் தொழில், குடும்பம், கருத்துநிலை ஆகியவற்றைத் தாமே ஆய்ந்து அமைத்துக்கொள்ளுமாறு வேண்டப்பட்டனர். கம்யூனை எதிர்க்கும் பாத்திரங்களுக்கு, அக்கருத்துநிலைக்கு நெருக்கமானவர்களையே வாட்கின்ஸ் தேடினார்; அதற்கென ‘லெ ஃபிகாரோ’ நாளிதழிலும் வெர்சாய்ப் பகுதி இதழ்களிலும் விளம்பரம் செய்தார். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரும், குடியிருப்பு ஆவணமற்றோரும் கம்யூன் மக்களாக நடித்தனர். 1871இன் பாரிஸ் தொழிலாளருள் பெரும்பாலோர் பிற மாகாணங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் என்பதை நோக்க, இத்தேர்வு பொருத்தமுடையதாகவே தோன்றுகின்றது.

படக்களம் நகரின் 11ஆம் வட்டத்தைச் சேர்ந்த பொப்பேன்கூர் பகுதியைச் சுட்டுகின்றது. பள்ளி, உணவகம், வட்ட அலுவலகம், தெரு, இல்லங்கள் ஆகியன ஒன்றோடொன்று இணைந்த அறைகளாகக் கட்டப்பட்டுள்ளன. நிகழ்ச்சிகள் காலவரிசைப்படியே படமாக்கப்பட்டன. ஒளிப்பதிவாளர் கருவியைக் கையிலேந்தி அறைக்கு அறை நடக்க, ஒரே காட்சி ஏறத்தாழ 10 நிமிடம் வரை வெட்டின்றி நீள்கின்றது. படத்தின் தொடக்கத்திலேயே செய்தியாளராக நடிக்கும் இருவர் தம்மை நடிகரென அறிமுகப்படுத்திக்கொண்டு, வெறுமையான களத்தைச் சுற்றிக் காட்டுகின்றனர். இது கட்டப்பட்ட களம், இவர்கள் நடிப்போர் என்பதைப் பார்வையாளர் அறிந்த பின்னரே 1871 தொடங்குகின்றது.

தொலைக்காட்சி எனும் காலமுரண்

1871இல் தொலைக்காட்சி இல்லை. ஆயினும் இப்படத்தில் இரண்டு ஒளிபரப்புகள் உள்ளன. ஒன்று வெர்சாய் அரசின் தேசியத் தொலைக்காட்சி. மற்றொன்று மக்கள் நடத்தும் கம்யூன் தொலைக்காட்சி. வெர்சாய்த் தொலைக்காட்சியில் ஒழுங்காக உடையணிந்த செய்தி வாசிப்பாளரும் வல்லுநரும் அமைதியான குரலில் நகரின் ‘சீர்குலைவை’ விளக்குகின்றனர். கம்யூன் தொலைக்காட்சியின் இரு செய்தியாளர்கள் ஒலிவாங்கியோடு கூட்டத்துள் ஓடுகின்றனர்.

இக்காலமுரணின் பயன் நகைச்சுவையன்று. 1871இல் வெர்சாய்க்கும் பாரிஸுக்கும் இடையே நடந்த செய்திப் போர் மெய்யானது. நாட்டுப்புறங்களுக்குச் சென்ற செய்திகளைப் பெரிதும் வெர்சாய் அரசே கட்டுப்படுத்தியது. பாரிஸில் எண்ணற்ற புதிய இதழ்கள் தோன்றின, கம்யூனும் தனக்கெதிரான இதழ்களை முடக்கியது. அச்செய்திப் போரை நாளிதழ்களைக் காட்டி விளக்கினால், இன்றைய பார்வையாளர் அதனைப் பழங்கதையாகக் கடந்து செல்வர். தொலைக்காட்சியாகக் காட்டும்போது, செய்தி ஆக்கப்படும் முறையே அவர்தம் கண்ணுக்குப் புலனாகின்றது. மேலும் வாட்கின்ஸ் கம்யூன் தொலைக்காட்சியையும் ஐயத்தோடே காட்டுகின்றார். அதன் செய்தியாளர் விரைந்து வினவுகின்றனர். விடை முடியுமுன் அடுத்தவரிடம் ஒலிவாங்கியை நீட்டுகின்றனர். மக்களுக்கான ஊடகமும் மக்களின் பேச்சைத் துண்டாடக்கூடும் என்னும் உட்குறிப்பு இதில் உண்டு. விரைவான வெட்டுகளும் ஒரே அச்சிலான கதைசொல்லலும் கொண்ட பொது ஊடக வடிவத்தை வாட்கின்ஸ் ‘ஒற்றை வடிவம்’ என்னும் பொருள்படும் சொல்லால் நெடுங்காலம் கண்டித்து வந்தார். இப்படத்தின் நீளமும் நீண்ட காட்சிகளும் அக்கண்டனத்தின் செயல்வடிவமே. இதனைத் தயாரித்தோருள் ஒன்றான ஆர்த்தே தொலைக்காட்சி, 2000 மே மாதத்தில் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை ஒரே முறையில் இதனை ஒளிபரப்பியதும், அதனை வாட்கின்ஸ் ஓரங்கட்டலாகக் கருதியதும் இங்கு நினைக்கத்தக்கன.

பாத்திரத்தின் உள்ளும் புறமும்

படம் செல்லச் செல்ல நடிப்போர் பாத்திரத்தினின்று வெளியே வருகின்றனர். உழைக்கும் பெண்களாக நடிப்போர் ஊதியம், வேலை, பிள்ளை வளர்ப்பு ஆகியன பற்றி 1871இன் மாந்தராகப் பேசத் தொடங்கி, சிறிது நேரத்தில் 1999இன் பெண்களாகப் பேசுகின்றனர். தடுப்பரண்களில் நிற்போரிடம் இன்று இத்தகைய நிலை வந்தால் என்செய்வீர் என வினவப்படுகின்றது. சிலர் துப்பாக்கி ஏந்துவோம் என்கின்றனர், சிலர் தயங்குகின்றனர். அத்தயக்கமும் வெட்டப்படாமல் படத்தில் இடம்பெறுகின்றது.

இதன் வரலாற்றுப் பயனைப் பெண்கள் சங்கத்தின் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1871 ஏப்ரல் 11இல் எலிசபெத் திமித்ரியேவ், நத்தலி லெமேல் முதலியோரால் ‘பாரிஸ் பாதுகாப்புக்கான பெண்கள் சங்கம்’ நிறுவப்பட்டது. அது கூட்டுறவுத் தையல் பட்டறைகளை அமைக்க முனைந்தது. அதன் அறிவிப்புகள் கிடைக்கின்றன. தலைவியரின் வாழ்க்கைக் குறிப்புகளும் கிடைக்கின்றன. ஆயின் சங்கக் கூட்டத்திற்கு வந்திருந்த பெயரறியாத் தையற்பெண் என்ன எண்ணினாள் என்பதற்குச் சான்று அரிது. கிடைப்பதும் பெரும்பாலும் படைநீதிமன்றத்தின் எழுத்து. கம்யூன் வீழ்ந்தபின் இப்பெண்களுக்கு வாய்த்த பெயர் ‘பெத்ரோலெஸ்’, அதாவது எண்ணெய் ஊற்றித் தீ வைத்தவள். திட்டமிட்டு வீடுகளைக் கொளுத்திய பெண்படை ஒன்று இருந்ததற்குப் படைநீதிமன்றங்களாலும் தக்க சான்று காட்ட இயலவில்லை. எனினும் கேலிச்சித்திரங்களும் இதழ்களும் அவ்வுருவை நிலைபெறச் செய்தன. ஏட்டில் உள்ளது தீவைப்பவளின் உருவம். ஏட்டில் இல்லாதது கூட்டத்தில் பேசியவளின் குரல். அவ்வெற்றிடத்தைப் படம் ஊகத்தால் நிரப்புகின்றது. நிரப்புபவள் தான் யாரென்பதையும் சொல்லிவிடுகின்றாள்.

நாடக வழக்கு, உலகியல் வழக்கு

இப்படவகையை விளங்கிக்கொள்ளத் தமிழ் இலக்கணமரபின் கருத்தாக்கம் ஒன்று துணைபுரிகின்றது. அகப்பாடலுக்குரிய புலனெறி வழக்கம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்தது எனத் தொல்காப்பியம் கொள்கின்றது. சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தனவாகத் தொகுத்துக் கூறுவது நாடக வழக்கு எனவும், உலகத்தாரின் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு எனவும் இளம்பூரணர் விளக்குவர். இக்கருத்தாக்கம் அகப்பாடலுக்கு உரியது. வரலாற்றுப் படத்திற்கு அதனை அவ்வாறே பொருத்துதல் தகாது. எனினும் அதன் ஒரு கூறு இங்குப் பயன்படும். பொப்பேன்கூரின் பள்ளியும் உணவகமும் தடுப்பரணும் அடுத்தடுத்த அறைகளாக இருந்ததில்லை. அவை ஓரிடத்தில் தொகுக்கப்பட்டமை நாடக வழக்கு. அங்குப் பேசப்படும் வாடகையும் ஊதியமும் ரொட்டி விலையும் உலகியல் வழக்கு. அகமரபில் கற்போர் இவ்விரண்டின் இயைபை முன்னரே அறிந்திருப்பதால், தலைவி இயற்பெயரின்றி வருவதைப் பொய்ம்மையெனக் கொள்வதில்லை. மரபு அறியப்பட்டவிடத்துப் புனைவு ஏமாற்று ஆவதில்லை.

வாட்கின்ஸுக்கும் ஆப்பேருக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகின்றது. ஆப்பேரின் படங்களில் நாடக வழக்கு உலகியல் வழக்காக வேடம் பூண்டது, தொகுத்தமை மறைக்கப்பட்டது. வாட்கின்ஸின் படத்தில் தொகுத்தமை முதற்காட்சியிலேயே அறிவிக்கப்படுகின்றது. ஆகவே ஊகம் உண்டா இல்லையா என்பது அளவுகோல் ஆகாது. ஊகம் தன்னை ஊகமெனக் கூறுகின்றதா என்பதே அளவுகோல்.

எதிர்வாதங்கள்

இம்முடிவை ஏற்குமுன் மூன்று எதிர்வாதங்களை எண்ணிப்பார்க்க வேண்டும்.

முதலாவது, இறந்தோர் வாயில் இன்றையோரின் கருத்துகள் திணிக்கப்படுகின்றன என்பது. இது புறக்கணிக்கத்தக்கதன்று. நடிப்போர் பாத்திரத்தினின்று வெளிப்படையாக வெளியேறும் இடங்களில் குழப்பமில்லை. ஆயின் பாத்திரத்திற்குள் நின்றே இன்றைய சிந்தனையைப் பேசும் இடங்களும் உண்டு. அங்கு 1871இன் சொல் எது, 1999இன் சொல் எது எனப் பார்வையாளரால் பிரித்தறிய இயலாது. வெளிப்படையான ஊகம் என்னும் அளவுகோலைப் படம் தானே தவறவிடும் இடங்கள் இவை.

இரண்டாவது, ஒருசார்பு. வெர்சாயின் வன்முறை அளவிற் பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் பேராயர் தர்புவா உள்ளிட்ட பிணையாளரை மே 24இலும், ஹாக்சோ தெருவில் ஏறத்தாழ 50 பேரை மே 26இலும் கம்யூன் தரப்பினர் கொன்றனர். படத்தின் பரிவு கம்யூன் பக்கமே சாய்கின்றது. எதிர்க்கருத்துடையோரையே எதிர்ப்பாத்திரங்களில் நடிக்கவைத்தமை இச்சாய்வைச் சிறிது ஈடுசெய்கின்றது, முற்றிலும் நீக்கவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. குருதி வாரத்தில் இறந்தோர் எத்தனை பேர் என்பது இன்றும் முடியாத வழக்கு. கம்யூனில் பங்கேற்ற லிசாகரே 17,000 முதல் 20,000 வரை எனக் கணித்தார். ஆங்கிலேய வரலாற்றாளர் ராபர்ட் டூம்ஸ் 2012இல் புதைகுழிப் பதிவுகளை ஆய்ந்து, ஆறாயிரம், ஏழாயிரம் என்னும் அளவிற்கு அதனைக் குறைத்தார். கணித அறிஞரும் எழுத்தாளருமான மிஷேல் ஒடான் 2021இல் இடுகாட்டுப் பதிவேடுகளை மீண்டும் எண்ணி, 10,000க்குக் குறையாது எனவும் அதனினும் மிகுதியாக இருக்கக்கூடும் எனவும் நிறுவ முயன்றார். இவ்வழக்கில் எந்தப் படமும் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒரு காட்சியில் பத்துப் பேர் சுடப்படுவது பத்தாயிரத்திற்கும் ஆறாயிரத்திற்கும் ஒன்றுபோலவே தோன்றும். பதிவேட்டை எண்ணுபவரின் பணியை ஊகப்புனைவு ஏற்றுக்கொள்ளலாகாது. குரல் அழிந்தவிடத்து ஊகம் பயன்படும். எண் கிடைக்குமிடத்து எண்ணுதலே வேண்டும்.

நகரின் நிலப்பரப்பில் தொடரும் வழக்கு

கம்யூன் நினைவு பாரிஸின் நிலப்பரப்பில் இன்றும் இரு தரப்பாகவே நிற்கின்றது. வாந்தோம் தூண் மீண்டும் எழுப்பப்பட்டு, அதன் செலவு ஓவியர் குஸ்தாவ் கூர்பேயின்மீது சுமத்தப்பட்டது. அவர் சுவிட்சர்லாந்தில் அகதியாக 1877இல் இறந்தார். துய்லெரியின் இடிபாடுகள் 1883இல் அகற்றப்பட்டன. பெர் லாஷேஸ் இடுகாட்டில் 1871 மே 28இல் 147 பேர் சுடப்பட்ட சுவர் தொழிலாளர் இயக்கங்களின் நினைவிடமாயிற்று.

மோன்மார்த் குன்றின் சாக்ரே கேர் பேராலயம் தனித்து நோக்கத்தக்கது. அதற்கான நேர்த்தி பிரஷ்யாவிடம் அடைந்த தோல்வியை ஒட்டிக் கம்யூனுக்கு முன்னரே எழுந்தது. ஆயின் 1873இல் தேசியப் பேரவை அதற்குச் சட்டவழி ஒப்புதல் அளித்தபோது, பீரங்கி நிகழ்ச்சி நடந்த குன்றே அதன் இடமாயிற்று. கம்யூனுக்கான கழுவாயாகவே அது பலராலும் உணரப்பட்டது. 1919இல் அது அருட்பொழிவு பெற்றது. அதன் முன்னுள்ள பூங்காவிற்கு 2004இல் கம்யூன் போராளி லுயீஸ் மிஷேலின் பெயர் இடப்பட்டது. 2022இல் பேராலயம் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 2016 நவம்பரில் பிரெஞ்சு தேசியப் பேரவை, கம்யூனில் தண்டிக்கப்பட்டோரின் நற்பெயரை மீட்கும் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. பாரிஸ் நகரம் தனக்கென ஒரு மேயரை 1871க்குப்பின் 1977இல்தான் மீண்டும் பெற்றது என்பதையும் இணைத்து நோக்கின், அந்நிகழ்வின் நிழல் எத்துணை நீண்டது என்பது விளங்கும்.

மற்றொரு நினைவு இன்னும் ஓரத்திலேயே உள்ளது. 1871இல் அல்சீரியாவின் கபீலியப் பகுதியில் மொக்ரானி தலைமையில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகப் பேரெழுச்சி நிகழ்ந்தது. தோற்ற கபீலியரும் தோற்ற பாரிஸ் மக்களும் ஒரே நியூ கலிடோனியாவிற்குக் கடத்தப்பட்டனர். 1878இல் அத்தீவின் கனாக் மக்கள் கிளர்ந்தபோது நாடு கடத்தப்பட்டோருள் பலர் அரசின் பக்கம் நிற்க, லுயீஸ் மிஷேல் கனாக்கியர் பக்கம் நின்றார். வாட்கின்ஸ் வட ஆப்பிரிக்க வழியினரையும் ஆவணமற்றோரையும் கம்யூன் மக்களாக நடிக்கவைத்ததன் ஆழ்ந்த பொருத்தம் இங்குப் புலப்படுகின்றது. இறந்தோர்க்கான ஏடுகளை இழந்த நகரில், வாழ்வதற்கான ஏடுகள் மறுக்கப்பட்டோர் அவ்விறந்தோராக நின்று பேசினர். படப்பிடிப்பின் பின்னரும் நடித்தோருள் ஒரு பகுதியினர் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கி, படத்தைத் திரையிட்டும் அதனையொட்டிக் கலந்துரையாடியும் வந்தமை, பங்கேற்பே இப்படத்தின் வரலாற்றுப் பணி என்பதை உறுதிசெய்கின்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

வழக்கிலுள்ள ஒரு நகரின் வரலாற்றில் ஊகப்புனைவு புதிதாக நுழைந்த கேடன்று. வென்றவர் தரப்பு அதனை 1871லேயே ஆவணமென விற்றது. மறைக்கப்பட்ட ஊகத்திற்கு மாற்று, அறிவிக்கப்பட்ட ஊகமே.

ஊகத்தின் உரிய இடம் குரல்கள் அழிந்த வெற்றிடம். பெண்கள் சங்கக் கூட்டத்தின் பெயரறியாப் பேச்சை அது ஊகிக்கலாம். இறந்தோர் தொகையை ஊகிக்கலாகாது.

பாத்திரத்தின் குரலும் நடிப்பவரின் குரலும் பிரித்தறிய இயலாதவாறு கலக்கும் இடங்களில் ‘லா கம்யூன்’ தன் நெறியினின்று வழுவுகின்றது. எனினும் அவ்வழுவைக் காண்பதற்கான அளவுகோலையும் அப்படமே பார்வையாளரிடம் தருகின்றது. ஆப்பேரின் படங்களை வாங்கியோர்க்கு அத்தகைய அளவுகோல் எதுவும் தரப்படவில்லை.

தோற்றவரின் நகரவரலாற்றை ஆராயப்புகும் எவரும், எந்த ஏடு எரிந்தது, எந்தப் படம் ஒட்டப்பட்டது, எஞ்சிய வெற்றிடத்தில் யார் யாருக்காகப் பேசுகின்றார் என்னும் மூன்று வினாக்களையும் தம் சான்றுகளிடம் முதற்கண் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.